தொட்டிக்கா, கடலுக்கா

சொன்னால் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்று செல்லக்கனிக்குப் பயமாக இருந்தது. விஷயம் சின்னது. தண்ணீர் கரிக்கிறது. இரண்டே வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க விடுவார்களா, ஏன் கரிக்கிறது என்பார்கள், எப்போதிருந்து என்பார்கள், முந்தாநாளே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பார்கள், அவள் ஒன்றுக்குப் பதில் சொல்லப்போய் இன்னொன்றைக் கொட்டிவிடுவாள், கொட்டிய பிறகு அள்ள முடியாது. அவள் வாய் அப்படிப்பட்ட வாய். தங்கச்சி பொன்ராணியின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அடுப்பில் சோறு இறங்கவில்லை, போய் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று அம்மா இவளைத்தான் அனுப்பினாள். இவள் போய், "நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க, சோறு இன்னும் வேகல" என்றாள். இருந்ததைத்தான் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார், சோத்துக்கு அலைஞ்சா வந்திருக்கோம் என்று. ஒரு கல்யாணமே தள்ளாடி நின்றது. பொன்ராணி இன்றைக்கும் போனில் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள், சிரிப்புக்கு அடியில் ஒரு முள் இருக்கிறது. உள்ளதைச் சொன்னாலே இப்படி. இதில் உள்ளது எது என்றே இவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

யோசனை இருக்கட்டும், கை வேலையைப் பார்க்கட்டும். அவள் சமையல் வேலை பார்க்கிற படகின் வயிற்றுக்குள், ஜெனரேட்டருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குந்தி உட்காருகிற அளவுக்குத்தான் இடம், அந்த இடத்தில்தான் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற மிஷின். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் தினமும் அவள் இங்கே இறங்கிவிடுவாள். முதலில் கடல் தண்ணீர் உள்ளே வருகிற கடல்வாயைத் திறக்க வேண்டும், சின்ன பம்பு இழுக்கிறதா என்று குழாயில் கையை வைத்துப் பார்க்க வேண்டும், வெள்ளை வடிகட்டிகளில் காற்று போய்விட்டதா என்று பார்க்க வேண்டும், பிறகு பெரிய பம்பு. அதைப் போட்டதும் பல்லெல்லாம் அதிரும். அதற்குப் பிறகுதான் அந்தத் திருகு. "மெதுவா, மெதுவா, தூங்குற புள்ள கையிலேர்ந்து சாமானை உருவுற மாதிரி" என்று டிரைவர் பிச்சை அண்ணன் சொல்லிக் கொடுத்தது. அந்தோணிப்பிச்சை முழுப்பெயர், படகின் இஞ்சின் அவர் பொறுப்பு. திருகத் திருக அழுத்தம் காட்டுகிற முள் ஏறும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கிற சவ்வு உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் கசியவிடும், உப்பெல்லாம் வேறு குழாய் வழியாகக் கடலுக்கே திரும்பிவிடும். முதலில் வருகிற நல்ல தண்ணீரையும் குடிதண்ணீர்த் தொட்டிக்கு விடக் கூடாது, அதுவும் கடலுக்குத்தான், அதில் உப்பு கொஞ்சம் நிற்கும். கொஞ்ச நேரம் விட்டு, வாயில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் சின்ன கைப்பிடியைத் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். உப்பு காட்டுகிற விளக்கு ஒன்று மிஷினில் இருந்தது, போன வருஷமே செத்துவிட்டது. "விளக்கு எதுக்கு, உன் நாக்கு இருக்கே" என்றார் பிச்சை அண்ணன். கப்பலுக்கு மீட்டர் உன் நாக்குதான் எம்மா என்றார். அதைக் கேட்டு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டிருக்க வேண்டாம்.

முள் ஏறிவிட்டது. அடியில் வைத்த எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் விழுகிறது, கனமாக, தாராளமாக. இந்தத் தாராளம்தான் அவளை ஏமாற்றியது. போர்ட் பிளேரிலிருந்து புறப்பட்ட மறுநாளே தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தது, தண்ணீர் வரத்தைக் காட்டக் கண்ணாடிக் குழலில் மிதக்கிற சிவப்புக் குமிழ் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், நம் கைக்கு ராசி என்று நினைத்தாள், மேலே போய்ப் பிச்சை அண்ணனிடம் மிஷின் இந்தத் தடவை நல்லா ஊத்துது அண்ணே என்று பீற்றிக்கொண்டாள். அவரும் மழை முழுக்கச் சும்மா கிடந்துச்சுல்ல, ஓய்வு எடுத்திருக்கும் என்று சிரித்தார். சவ்வு நைந்து ஓட்டையானால்தான் அப்படிக் கொட்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. வலையில் கிழிசல் விழுந்தால் தண்ணீர் சுலபமாகத்தான் போகும். மீனும் போகும். வலைக்காரர்கள் தெருவில் பிறந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா. ஏழாம் வகுப்போடு நின்றவள் என்று ஒரு சாக்கு. அப்பாவுக்கு அந்தமானில் மர மில்லில் வேலை கிடைத்து எல்லோரும் கப்பலேறி வந்தபோது பக்கத்தில் இருந்தது ஹிந்திப் பள்ளிக்கூடம், முதல் நாள் டீச்சர் என்னவோ கேட்டார், இவளுக்குப் புரியவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டாள், வகுப்பே சிரித்தது, மறுநாளிலிருந்து போகவில்லை. புரியாததற்குத் தலையை ஆட்டுகிற புத்தி அப்போதிருந்தே. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணே, தொட்டியில் இதைப் போடலாமா என்று ஒரு வார்த்தை.

ஒரு வார்த்தைதானே. ஜெட்டியில் மழை மாதம் முழுக்கக் கட்டிக் கிடந்த படகு, புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் வந்து தொட்டி மூடியைத் திறந்தபோது குப்பென்று ஒரு வாடை, ஊறிப்போன துணி வாடை. அவளுக்கு வாடை ஆகாது. வீட்டில் சம்ப்பில் வாடை வந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். பிளீச்சிங் பவுடர். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மேல்தெளிவை ஊற்றி, அது போதாது என்று இன்னும் ஒரு கை அள்ளிக் கரைத்து, சுத்தம் என்றால் சுத்தமாக இருக்கட்டும் என்று. பிச்சை அண்ணன் அப்போது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், ஸ்ராங்கு குமரவேல், படகை ஓட்டுகிற தம்பி, டீசல் போட நின்றிருந்தான். யாரும் பார்க்கவில்லை. ஒளித்துச் செய்தது ஒன்றும் இல்லை, நல்லதுதானே செய்கிறோம் என்று செய்தது. அன்று சாயந்தரம் மிஷினைக் கழுவினாள். மிஷின் ஓடி முடிந்ததும் தொட்டியின் நல்ல தண்ணீரை உள்ளே விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு உறைந்துவிடும், அது தினப்படி வேலை. தொட்டியின் தண்ணீரை. பவுடர் தண்ணீரை. அந்தச் சவ்வுக்கு உப்பைவிட, எண்ணெயைவிட விஷம் அந்தப் பவுடர்தான் என்று போன வருஷமே பிச்சை அண்ணன் சொல்லியிருந்தார். நகராட்சித் தண்ணீர் பிடித்தால் அதில் மருந்து இருக்கும், அதுக்குத்தான் நடுவுல கார்பன் வடிகட்டி வெச்சிருக்கு, மருந்தை அது புடிச்சிக்கும் என்றார். நகராட்சித் தண்ணீர் என்றுதான் அவள் காதில் விழுந்தது. தன் கையால் அள்ளிப் போடுவதும் அதே மருந்து என்று ஏன் விழவில்லை. காது வேறு, புத்தி வேறு. இரண்டையும் சேர்த்துவைக்க யாரும் இல்லாமல் போயிற்று.

தம்ளரை எடுத்து ஒரு வாய் வைத்தாள். கரித்தது. துப்பினாள். கரித்ததா? மேல் உதட்டில் வேர்வை, இங்கே வேர்வை இல்லாத இடம் எது, நாக்கில் பட்டது வேர்வையாக இருக்கலாம். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஒரு வாய். கரித்தது. பயந்தவள் வாயே கரிக்கும் என்பார்களே, இல்லை, கசக்கும் என்றுதானே சொல்வார்கள். முந்தாநாளும் இதே வாதம்தான் தனக்குள். வயசும் ஆகிறது, தூக்கம் இல்லை, திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, நாக்கு மட்டும் அப்படியே இருக்குமா. அன்றைக்கு நாக்கை நம்பாமல் கைப்பிடியைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறது நினைப்பு, எத்தனை சுற்றிப் போனாலும் அந்தக் கைப்பிடியில் வந்து முட்டிக்கொள்கிறது. விரலில் எடை இல்லாத சின்னக் கைப்பிடி. சந்தேகம் இருந்தால் கடலுக்கே விடு, கடல் கோவிச்சுக்காது என்று பிச்சை அண்ணன் சொல்லியிருந்தார். சந்தேகம் இருந்தது. திருப்பினாள். மறுநாள் பருப்பு வேகவில்லை. குக்கரில் எத்தனை விசில் விட்டும் பருப்பு பருப்பாகவே கிடந்தது, சோப்பு நுரைக்கவில்லை, டீ ஒரு மாதிரி இருந்தது. நாக்கு பொய் சொல்லலாம், பருப்புமா பொய் சொல்லும். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அவள் செய்தது வேறு. ரசத்தில் உப்பைக் குறைத்தாள். குழம்பில் குறைத்தாள். மீனுக்குப் போடவே இல்லை. தண்ணீரில் இருக்கிற உப்பும் போடாத உப்பும் சமமாகி, சாப்பாட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வந்திருக்கிற விருந்தாளிகள், கடலுக்கடியில் போய் மீன் பார்க்க வந்தவர்கள், அவர்களுக்குக் குடிக்கத் தனி கேன். ஸ்ராங்கு எந்நேரமும் இனிப்பு டீதான். சமாளித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது.

பிச்சை அண்ணனை மறந்துவிட்டாள். இல்லை, மறக்கவில்லை, எப்படி மறப்பாள், அவருக்குத் தனிச் சட்டியில் சமைப்பவளே அவள்தானே. போன வருஷம் நெஞ்சு வலி வந்து படுத்து எழுந்ததிலிருந்து அவருக்கு உப்பே கூடாது. இதயம் பெருத்திருக்கிறதாம், உப்பு உள்ளே போனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். இந்தப் பொந்துக்குள் குந்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் மிஷினே அவள் கைக்கு வந்தது, சமையக்காரம்மா மிஷினைத் தொடுறதா என்று முதலாளி முகம் சுளித்தபோது, அவ தொட்டா உங்க படகுக்கு நல்லது என்று அவர்தான் பேசினார். மற்றவர்களுக்கு உப்பைக் குறைத்துக்கொண்டாள், சரி. அவருடைய சட்டியில் உப்பே இல்லையே, எதைக் குறைப்பது. அந்தச் சோறு வெந்தது இந்தத் தண்ணீரில். அவர் குடிப்பதும் இந்தத் தண்ணீர். நேற்று மதியம் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினார், இவளுக்கு உயிர் போய்விட்டது. "எம்மா கனி, என்னத்தப் போட்ட?" என்றார். "ஒண்ணும் போடலியே அண்ணே." "பொய் சொல்லாத. ஒரு வருஷமா வைக்கோலைத் தின்ன மாதிரி இருந்துச்சு. இன்னிக்கித்தான் சோறு சோறா இருக்கு. அந்த டாக்டர் பயலைக் கூட்டியாந்து உன் கையால ஒரு உருண்டை குடுக்கணும்." சட்டியை வழித்துச் சாப்பிட்டார். மேல்கஞ்சியையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அவள் ஊற்றினாள். தன் கையால் ஊற்றினாள், வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்து, அப்புறம் காரணம் கேட்பாரே என்று மூடிக்கொண்டு. அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"கனி!" மேலே வாசலில் அவர் தலை தெரிந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். "தொட்டிக்கு விட்டியா?"

"இன்னும் இல்லண்ணே, கடலுக்குப் போவுது."

"இவ்வளவு நேரமா? கடல்ல தண்ணி கொறஞ்சிருச்சுன்னு ரொப்புறியா?" அவரே சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ராத்திரி படுக்கவே முடியல. உக்காந்தேதான் கிடந்தேன். ஒரு சொம்பு தண்ணி குடு, தொண்டை காயுது."

அவர் கால் வாசல் விளிம்பில் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. ரப்பர் செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. கணுக்கால் எலும்பு எங்கே, எலும்பே காணவில்லை, மாவு உருண்டை மாதிரி மழமழவென்று இருந்தது. நேற்றே அப்படித்தான் இருந்ததா, பார்த்தாளா, பார்க்காமல் இருந்தாளா. சொல்லு, இப்போதே சொல்லு, அண்ணே தண்ணி கரிக்குது, குடிக்காதீங்க. கரிக்குதா, ஏன். அங்கே போய் நிற்கும். பவுடர் என்றால், எவ்வளவு என்பார்கள், யாரைக் கேட்டுப் போட்டாய் என்பார்கள், முதலாளி காதுக்குப் போகும், பொம்பளை கையில் மிஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்பார், மிஷின் போகும், மிஷினோடு படகும் போகும், அடுத்த சீசனுக்கு வேறு ஆள் வருவான், கரையில் யார் வீட்டுப் பாத்திரத்தையாவது தேய்த்துக்கொண்டு இருக்கலாம். சொல்லாவிட்டால் சொம்பு. ஒரு சொம்புதானே, இதுவரை குடித்ததோடு ஒரு சொம்பு. இப்படித்தான் நேற்றும் ஒரு கஞ்சிதானே என்று நினைத்தாள். அவளுடைய கை தம்ளரின் மேல் இருந்தது, தம்ளர் நிரம்பிக் கை மேல் வழிந்துகொண்டிருந்தது, தண்ணீர் இதமாக இருந்தது, பார்க்க எந்தத் தண்ணீரையும் போலத்தான் இருந்தது.

"என்னம்மா, காது கேக்கலையா?"

"ஸ்ராங்குத் தம்பியைக் கூப்பிடுங்கண்ணே" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. "நீங்க குடிக்காதீங்க. தம்பியை வரச் சொல்லுங்க."

குமரவேல் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி வாசலில் குனிந்தான். "என்னக்கா, பம்பு போச்சா?" எந்த வார்த்தையில் தொடங்கினாலும் அது வேறு எங்கேயோ கொண்டுபோய் விடும் என்று தெரிந்ததால் தம்ளரை அவன் கைக்கு நீட்டினாள். அவன் ஒரே மடக்காகக் குடிக்கப்போய், பாதியில் முகம் கோணி, பின்னால் திரும்பித் துப்பினான். "என்னக்கா இது, கடல்ல மொண்டு குடுத்த மாதிரி இருக்கு!" மறுபடி நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தான். "இதையா நாம குடிக்கிறோம்? டீயில ஒண்ணும் தெரியலியே." பிறகு அவன் கண் பிச்சை அண்ணனின் கால் பக்கம் போனது, அங்கேயே நின்றது. "அண்ணே, உக்காருங்க. மொதல்ல உக்காருங்க." ஸ்டோர் பூட்டைத் திறந்து விருந்தாளிகளுடைய சின்னக் கேன் ஒன்றின் மூடியை உடைத்து அவர் கையில் கொடுத்தான். தண்ணிக்குள்ள போனவங்க ஏறினதும் நங்கூரத்தை எடுத்துடலாம், நேரா போர்ட் பிளேர், நேரா ஆஸ்பத்திரி என்றான். அவர் அதெல்லாம் ஒண்ணும் வேணாம்டா, டிரிப்பைக் கெடுக்காத என்றார், பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கினார். செல்லக்கனி திருகை மெதுவாகத் தளர்த்தினாள். முள் இறங்கியது. பெரிய பம்பை நிறுத்தியதும் அந்தப் பொந்தில் ஒரு அமைதி, ஜெனரேட்டர் ஓடும்போதே ஒரு அமைதி. கழுவத் தொட்டித் தண்ணீரை விட வேண்டாம் என்று அவளாகவே முடிவுசெய்தாள். இனிக் கழுவி என்ன.

இதோடு முடிந்திருக்கலாம். அவர் தப்பித்துவிடுவார், கால் வடியும், கரை ஒன்றும் தூரம் இல்லை. நெஞ்சில் பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது, இறங்கிக்கொண்டிருக்கும்போதே குமரவேல் கேட்டான். "எப்பிடிப் போச்சு? புது சவ்வுதானே, போன சீசன்லதானே மாத்தினோம். முதலாளி போன் பண்ணுவாரு, என்ன சொல்றது?"

பிச்சை அண்ணன் கேனைத் தரையில் வைத்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கார்பனாத்தான் இருக்கும்" என்றார் மெதுவாக. "மழைக்கு முன்னாடி மாத்தணும்னு நெனச்சேன். மாத்துனனா இல்லையா... உடம்பு சரியில்லாத நேரம். ஒண்ணுமே ஞாபகம் வரலையேடா." தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் எழுதியிருக்கிற மாதிரி. பிறகு கீழே அவளைப் பார்த்தார், உதவி கேட்கிற பார்வை. "கனி, உனக்கு ஞாபகம் இருக்கா? மாத்துனனா?"

மாற்றினார். ஜெட்டியில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், டாக்டர் சொன்னதையும் கேட்காமல், கடைசித் தடவையாக இந்தப் பொந்துக்குள் இறங்கி, வேர்த்து ஒழுகிக்கொண்டு, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு இறுக்கினார். மேலே வாசலில் குனிந்து டார்ச் பிடித்தவள் அவள். பழையதை எடுத்துப்போய்க் குப்பையில் போட்டவளும் அவள். அவள் கொட்டிய பவுடருக்கு எந்தக் கார்பன் தாங்கும். இருவரும் மேலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது, முகம் தெரியவில்லை. எழுந்து நிற்க முடியாத அந்த இடத்தில் குந்தியபடியே அவள் கடல்வாயை இறுக்கி மூடினாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மாத்தலண்ணே" என்றாள். "மாத்தணும்னு நான்கூட ரெண்டு தடவை சொன்னேன்."